பிறக்கும் குட்டிகள் எங்கே போகின்றன?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹவாய்த் தீவுகளின் மாங்க் சீல்கள் (ஒருவகைக் கடல்நாய்கள்) ஆண்டுதோறும் குட்டி ஈன்றும், பல பத்தாண்டுகளாக அவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததாகப் படித்தேன். குட்டிகள் பிறந்துகொண்டிருக்கும்போது ஓர் இனம் எப்படிக் குறையும்? நம் மலையின் வரையாட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: ஒரு பெண் சீல், தாயாகும் வயதுவரை பிழைத்திருக்கும் ஒரு மகளையாவது விட்டுச் சென்றால்தான் அந்த இனம் இருக்கும் அளவிலாவது நிலைக்கும். பிறப்பவற்றில் பாதி ஆண் குட்டிகள் என்பதால், எல்லாக் குட்டிகளும் பிழைத்தாலே ஒரு தாய்க்கு இரண்டு ஈற்று தேவை. ஐந்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால் பத்து ஈற்று தேவை. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டியும், முதல் குட்டிக்கே ஐந்து வயதுக்கு மேல் காத்திருப்பும், ஈனாமலே கழியும் ஆண்டுகளும் உள்ள ஒரு விலங்குக்குப் பத்து ஈற்று என்பது எளிதில் எட்டாத எண். ஹவாயின் வடமேற்குத் தீவுகள் சிலவற்றில், நிலைமை மிக மோசமாக இருந்த காலங்களில், ஐந்தில் ஒரு குட்டிகூட வளர்ந்து ஆளாகவில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து 2013 வரை நீடித்த அந்தத் தேய்வில், பின்னைய பத்தாண்டுகளுக்கு முதன்மைக் காரணம் இதுதான்.

அந்தக் குட்டிகளின் முதல் ஓராண்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கருகருவென்ற ரோமத்தோடு, பதினைந்து கிலோவுக்குச் சற்று முன்பின்னான எடையில் குட்டி மணலில் பிறக்கிறது. தாய் ஐந்து முதல் ஏழு வாரம் இரை தேடப் போகாமல், தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையே பாலாக்கிக் கொடுத்து மெலிகிறது. குட்டியோ பிறந்தபோது இருந்ததைப்போலப் பல மடங்கு பெருக்கிறது. பிறகு ஒரு நாள் தாய் கடலுக்குள் போய்விடும், திரும்பி வராது. மீன் பிடிக்க யாரும் கற்றுத்தராத அந்தக் குட்டி, உடம்பிலுள்ள கொழுப்பு கரைவதற்குள் தானாகவே இரை தேடப் பழகியாக வேண்டும். பால்குடி மறக்கும்போது எது பருத்திருக்கிறதோ அதற்கே பிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால்தான், அங்குள்ள ஆய்வாளர்கள் குட்டியின் மார்புச் சுற்றளவை அளந்து, துடுப்பில் அடையாள வில்லை பொருத்தி, ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறார்கள். கடலுக்குள்ளும் போட்டி கடுமையானது. சீல் கல்லைப் புரட்டி வெளிக்கொணரும் இரையை, கூடவே நீந்திவரும் பெரிய பாரை மீன்களும் சுறாக்களும் பறித்துக்கொள்வது, சீல்களின் முதுகில் பொருத்திய கேமராக்களில் பதிவாகியுள்ளது. வளர்ந்த சீலுக்கே இந்த நிலை என்றால், பழகாத குட்டியின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் நெருக்கமாக வாழும் முக்கியத் தீவுகளில் குட்டிகள் வடமேற்குத் தீவுகளின் குட்டிகளைவிட நன்றாகப் பிழைக்கின்றன என்பது பலரை வியக்க வைக்கும் செய்தி. அங்கே இத்தகைய பெரிய மீன்களின் போட்டி குறைவு என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

வளர்ந்த சீல்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை என்பதால், கரையில் கிடப்பவற்றை எண்ணுகிறவருக்குச் சரிவு உடனே தெரிவதில்லை. பழைய செடிகள் பசுமையாகத்தான் நிற்கின்றன என்று நாற்று நடாமல் விட்ட தேயிலைத் தோட்டத்தைப் போன்றது அந்த நிலை. ஆகவே தலைகளை எண்ணுவதோடு நில்லாமல், எந்த வயதில் எத்தனை என்று பார்ப்பதே இனத்தின் உண்மை நிலையை அறியும் வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரையாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். தமிழ்நாட்டில் 2024இல் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. மகிழத்தக்க எண்கள்தான். ஆனால் எண்ணும் முறை செம்மைப்பட்டாலும் எண் கூடும் என்பதால், நான் முதலில் தேடுவது அந்த அட்டவணையில் பெட்டைகளுக்கு எத்தனை குட்டிகள், ஒரு வயதைக் கடந்தவை எத்தனை என்னும் விவரத்தையே. பெரும்பாலான குட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில், புல்வெளியில் உறைபனி விழும் நாட்களிலேயே பிறக்கின்றன. சிறுத்தையும் செந்நாயும் வந்தால் தப்பி ஏறப் பாறைச் சரிவு வேண்டும்; பால் கொடுக்கும் தாய்க்கு அந்தச் சரிவை ஒட்டியே நல்ல புல் வேண்டும். நீலகிரியின் முக்குருத்தியைச் சுற்றிய புல்வெளிகளில் சீகை மரமும் பைன் மரமும் பரவிய இடமெல்லாம், பாறைச் சரிவும் புல்லும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போன இடங்கள். கேரளத்தின் இரவிகுளத்தில் ஈற்றுக்காலத்தில் பயணிகளை அனுமதிக்காமல் பூங்காவை மூடுவது சரியான வழக்கம். நம் பக்கத்து மலைகளிலும் அந்த மாதங்களில் சரிவுகளில் ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது அவசியம்.

கேள்வி: மெலிந்த குட்டி சாவதும் வலுத்தது பிழைப்பதும் இயற்கையின் ஏற்பாடு அல்லவா? சீல் குட்டிகளை மருத்துவமனையில் வைத்து ஊட்டி வளர்ப்பது அதில் தலையிடுவதாகாதா?
(வாசகர், கொடைக்கானல்)

பதில்: தலையீடு அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சீல்களைத் தோலுக்கும் எண்ணெய்க்கும் கொன்று குவித்தவர்கள் மனிதர்கள். குட்டியின் கழுத்தை இறுக்கும் அறுந்த வலைகள் நம்முடையவை; முக்கியத் தீவுகளில் சீல்களைக் கொல்லும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, மனிதர் கொண்டுவந்த பூனைகளின் கழிவு வழியே கடலுக்குப் போகிறது. குட்டி ஈனும் மணல் திட்டுகளே அழிந்து வருகின்றன. ஃபிரெஞ்ச் ஃபிரிகேட் ஷோல்ஸ் பவளத்தீவில் இருந்த ஈஸ்ட் தீவை 2018 அக்டோபரில் வலாக்கா சூறாவளி ஏறக்குறைய முழுவதும் அடித்துக்கொண்டு போனது. இத்தனை சுமையை ஏற்றிவிட்டு, சாகும் குட்டியை வலுவற்றது என்று சொல்வது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

செய்த வேலைக்குப் பலனும் கிடைத்துள்ளது. சுறாக்கள் கரையோரம் வந்து குட்டிகளைக் கவ்வும் இடங்களிலிருந்து, பால்குடி மறந்த குட்டிகளை வேறு திட்டுகளுக்கு மாற்றினார்கள்; வலையில் சிக்கியவற்றை விடுவித்தார்கள்; 2014இல் ஹவாயின் கோனாவில் திறக்கப்பட்ட கே காய் ஓலா மருத்துவமனையில் மெலிந்த குட்டிகளைத் தேற்றிப் பிறந்த தீவுக்கே திருப்பி அனுப்பினார்கள். இன்று உயிரோடுள்ள ஹவாய் மாங்க் சீல்களில் சுமார் 30 விழுக்காடு, ஏதோ ஒரு கட்டத்தில் காப்பாற்றப்பட்டதாலோ, அப்படிக் காப்பாற்றப்பட்ட தாய்க்குப் பிறந்ததாலோ இருப்பவை. 2013 முதல் 2021 வரை எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடி, 1,600ஐ ஒட்டி வந்தது. பெண் குட்டி ஒன்று காப்பாற்றப்பட்டால், அதன் பின்னால் வரும் குட்டிகளும் சேர்த்தே காப்பாற்றப்படுகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த கரீபியன் மாங்க் சீலுக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அது கடைசியாக உறுதியாகக் காணப்பட்டது 1952இல்.

கேள்வி: மலைச்சரிவில் வரையாட்டுக் குட்டி தனியாக நிற்பதைக் கண்டால் தூக்கி வந்து வனத்துறையிடம் ஒப்படைக்கலாமா?
(மாணவர், கூடலூர்)

பதில்: தூக்கக் கூடாது. தாய் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கலாம். நீங்கள் நின்றுகொண்டிருக்கும்வரை அது அருகில் வராது. வரையாடு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அனுமதியின்றிப் பிடிப்பது குற்றமுமாகும். ஹவாய்க் கடற்கரையிலும் தனியே கிடக்கும் சீலிடமிருந்து 50 அடியும், தாயும் குட்டியுமாக இருந்தால் 150 அடியும் விலகி நிற்கச் சொல்கிறார்கள். காயமோ நாய்த் துரத்தலோ கண்ணில் பட்டால், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குட்டியை எடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் வந்து பார்த்து முடிவு செய்வார்கள்.