கோல்ஃப் கேள்வி-பதில்: குளம், வெள்ளைக் கம்பு, பிட்ச் மார்க்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தண்ணீரில் விழுந்த பந்துகளைப் பற்றியவை. அங்கிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: எங்கள் மைதானத்தில் 150 யார்டு பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) ஒன்று. கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) முன்னால் குளம். 8 அயர்ன் கிளப்பில் எனக்கு 150 யார்டு போகும். ஆனாலும் பாதி தடவை பந்து குளத்தில்தான். ஏன்?

பதில்: 8 அயர்னில் உங்களுக்கு 150 போகாது, அதனால்தான். நீங்கள் சொல்வது என்றைக்கோ கச்சிதமாகப் பட்ட ஒரு அடி, உருண்டதையும் சேர்த்து. குளத்தின் மேல் பந்து உருளாது. கேரி, அதாவது பந்து காற்றில் பறக்கும் தூரம் மட்டும்தான் கணக்கு. பயிற்சி ரேஞ்சில் இருபது பந்து அடித்து, சுமாராகப் பட்டவை எங்கே விழுகின்றன என்று பாருங்கள். 135-க்குப் பக்கத்தில் இருக்கும். கொடி முன்னாலா பின்னாலா என்றும் எழுதவில்லை. கிரீனின் ஆழம் 30 யார்டு என்றால் அதற்கே மூன்று கிளப் வித்தியாசம் வரும். கொடியை மறந்துவிட்டு, இன்னும் தூரம் போகும் 6 அயர்னில் நிதானமாகக் கிரீனின் நடுவுக்கு அடியுங்கள். பின்னால் பங்கர் (மணல் குழி) இருந்தாலும் பரவாயில்லை, மணலிலிருந்து எடுக்கப் பெனால்டி கிடையாது.

கேள்வி: ஏழாவது ஹோலை எப்படி ஆடுவது?

பதில்: எந்த மைதானத்து ஏழாவது ஹோல்? எந்த டீ (முதல் அடி அடிக்கும் இடம்)? பாரா, தூரமா, உங்கள் ஹேண்டிகேப்பா (ஆட்டத்திறனுக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்), எதுவுமே இல்லை. கேரி எவ்வளவு என்பதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: இடப்பக்கம் திரும்பும் டாக்லெக் (நடுவில் வளையும் ஹோல்). மரங்களுக்கு மேலே அடித்து மூலையை வெட்டலாமா?

பதில்: பத்துக்கு எட்டு தடவை தாண்டுவீர்கள் என்றால் வெட்டுங்கள். இல்லையென்றால் வளைவின் வெளிப்பக்கம் அடியுங்கள், அங்கிருந்துதான் கிரீன் திறந்து தெரியும். வளைவைத் தாண்டி எதிர்ப்பக்க ரஃபுக்குள் (உயரமான புல்) ஓடாத கிளப்பாக எடுங்கள். டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வலதுபக்கம் முழுக்க வெள்ளைக் கம்பு (மைதான எல்லை). எனக்கோ ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைகிறது). (வலது கை ஆட்டக்காரன்.)

பதில்: டீ பாக்ஸின் வலது ஓரத்தில் பந்தை வைத்து ஃபேர்வேயின் (குட்டையாக வெட்டிய நடுப்புல்) இடது ஓரத்தைக் குறிவையுங்கள். ஸ்லைஸ் வந்தால் நடுவில் விழும், நேராகப் போனால் இடது ரஃப். பெரும்பாலோர் நேர்மாறாக, கம்பைப் பார்த்துப் பயந்து இடது ஓரத்தில் நிற்கிறார்கள். வெளியே போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது பந்தை அடிக்கும் முன் 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'இன்னொண்ணு அடிச்சுக்கிறேன்' என்று முனகினால் போதாது. அப்படி அடித்தால் அதுவே ஆட்டத்தில் உள்ள பந்து, முதல் பந்து ஃபேர்வேயிலேயே கிடந்தாலும் போனதுதான். தேடுவதற்கு மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் என்பது 2019 விதி மாற்றத்திலேயே போய்விட்டது.

கேள்வி: 290 யார்டு பார் 4. டிரைவர் அடித்தால் 40 யார்டுதான் மிச்சம். ஆனால் அந்த இடத்தைச் சுற்றி மூன்று பங்கர்.

பதில்: ஃபேர்வேயிலிருந்து என்றால் 90 யார்டு மிச்சம் வைப்பதை விட 40 பொதுவாக நல்லதுதான், மறுக்கவில்லை. 40 யார்டு பங்கர் ஷாட்டோ பெரிய ஆட்டக்காரர்களே வெறுப்பது. பங்கர்களுக்கு முன்னாலேயே நிற்கும் கிளப் எதுவோ அதை எடுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 ஹோல் (சலுகை அடி முதலில் கிடைக்கும் ஹோல்), 420 யார்டு பார் 4. ஹேண்டிகேப் 18. இரண்டு அடியில் கிரீனில் ஏறவே முடிவதில்லை.

பதில்: யார் ஏறச் சொன்னது? அங்கே உங்களுக்கு ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கிறது, உங்களுக்கு அது பார் 5. 160, 160, 100 என்று மூன்று அடி, இரண்டு புட் (கிரீனில் உருட்டும் அடி). ஐந்தில் முடித்தால் ஸ்டேபிள்ஃபோர்டில் (புள்ளிக் கணக்கு ஆட்டம்) இரண்டு புள்ளி.

கேள்வி: பதினோராவது கிரீனில் நல்ல புட் எல்லாம் துள்ளி விலகுகிறது. கமிட்டி ஏன் கவனிப்பதில்லை?

பதில்: கமிட்டியைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி. போன வாரம் அந்தக் கிரீனில் உங்கள் பந்து விழுந்த தடத்தை (பிட்ச் மார்க்) சரிசெய்தீர்களா? உங்கள் நாலு பேர் குழுவில் யாராவது? எனக்குத் தெரிந்து நாலு பேரில் ஒருவர் குனிந்தால் அதிகம். அந்த ஒருவரும் பாதி நேரம் தப்பாகச் செய்கிறார்.

உயரத்திலிருந்து இறங்கும் பந்து புல்லை முன்பக்கமாகத் தள்ளி ஒரு மடிப்பை எழுப்பிவிட்டு நிற்கிறது. நம்மவர்கள் ஃபோர்க்கை (தடம் சரிசெய்யும் சிறு முள்கருவி) தடத்தின் நடுவில் குத்தி, நெம்பி, அடிமண்ணை மேலே தூக்குகிறார்கள். நாற்று பிடுங்குவதுபோல் வேர் அறுந்துவிடுகிறது. பார்க்கச் சமமாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் அந்த இடம் பழுப்பாகிவிடும். ஃபோர்க்கைத் தடத்தின் விளிம்புக்கு வெளியே சாய்வாக இறக்கி, சுற்றியுள்ள நல்ல புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். மடிப்பு எழுந்த பக்கத்தில் தொடங்கிச் சுற்றிவர நாலைந்து இடம். கடைசியில் புட்டரின் அடிப்பாகத்தால் மெல்லத் தட்டினால் முடிந்தது. பத்து விநாடி வேலை. உடனே செய்தால் சில நாளில் ஆறிவிடும், விட்டுவிட்டால் வாரக்கணக்கில் அந்தப் பள்ளம் கிடக்கும். அதில்தான் உங்கள் நாலடி புட் துள்ளுகிறது.

2019-க்கு முன் ஸ்பைக் (ஷூ ஆணி) தடத்தைத் தொடக்கூடாது என்ற சாக்காவது இருந்தது. இப்போது கிரீனில் ஷூ தடம், கிளப் பட்ட காயம் எதையும் புட்டுக்கு முன்பே சரிசெய்யலாம். பராமரிப்புக்காகப் போட்ட ஏரேஷன் (காற்றோட்ட) துளைகள் போன்றவற்றைத் தொடக்கூடாது. ஆகவே உங்களுடையதோடு இன்னும் இரண்டு தடங்களையும் சரிசெய்துவிட்டு நகருங்கள். கமிட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: பங்கரில் பந்துக்குப் பின்னால் காய்ந்த இலை. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், கல்லையும் எடுக்கலாம். பந்து அசையக்கூடாது. ஒத்திகை ஸ்விங்கில் மணலைத் தொட்டால் ஸ்ட்ரோக் ப்ளேயில் (அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு பெனால்டி அடி.

கேள்வி: பதினெட்டாவது பார் 5, எப்போதும் எதிர்க்காற்று. ஓங்கி அடிக்கிறேன், பந்து மேலே எழும்பி நின்றுவிடுகிறது.

பதில்: ஓங்கி அடிப்பதால்தான். வேகம் கூடினால் ஸ்பின்னும் கூடும், எதிர்க்காற்று அதைத் தூக்கிவிடும். ஒன்றோ இரண்டோ பெரிய கிளப் எடுத்து, பிடியைச் சற்றுக் கீழே இறக்கி, முக்கால் ஸ்விங். மூன்றாவது அடியில் கிரீனில் ஏறினால் போதும். எதிர்க்காற்றில் உங்கள் கேரி வேறு, ரேஞ்சில் பார்த்தது வேறு.

கேள்வி: கீழ்நோக்கிய புட்டில் கொடிக்கம்பை எடுக்கணுமா, விடணுமா?

பதில்: 2019 முதல் இரண்டுக்கும் அனுமதி உண்டு. கீழ்நோக்கி என்றால் விட்டுவிடுங்கள், வேகமாக வரும் பந்தைக் கம்பு தடுக்கும். காற்றில் கம்பு உங்கள் பக்கம் சாய்ந்து பந்து நுழைய இடமில்லாமல் நின்றால் எடுத்துவிடுங்கள்.