கையை எடுத்ததும் காய் மறைவது ஏன்?

கேள்வி: டேப்லெட்டில் ஆடும் பலகை விளையாட்டுக்காக அட்டையில் காய்கள் செய்து, அலுமினியத் தாள் சுற்றி மூன்று கால்கள் வைத்திருக்கிறேன். பிடித்திருக்கும்போது திரை உணர்கிறது. கையை எடுத்ததும் காய் மறைந்துவிடுகிறது. சில சமயம் மூன்று கால் இரண்டாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலாவது பழுதே இல்லை. டேப்லெட்டில் இருப்பது கெப்பாசிட்டிவ் திரை, அதாவது மின்புல மாற்றத்தை வைத்துத் தொடுகையை உணரும் திரை. அதன் கண்ணாடிக்கு அடியில் மின்முனைகள் கட்டம்கட்டமாக ஓடுகின்றன. விரல் வைத்தால் அங்குள்ள மின்புலத்தில் கொஞ்சம் உடலுக்குள் இறங்கும். அந்தக் குறைவைத்தான் திரை தொடுகை என்று கணக்கிடுகிறது. தனியே நிற்கும் சிறு உலோகத் தாளுக்கு அப்படி இறக்கிவிட இடமில்லை. எனவே வன்பொருளோடு மல்லுக்கட்டாமல் நிரலில் சரிசெய்யுங்கள்: தொடுகை முடிந்ததும் காயை அழிக்காமல், கடைசி இடத்திலேயே வைத்திருக்கட்டும்.

பிடியிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் மின்தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டும். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்டினாலும் போதும். பெரும்பாலும் சொதப்புவது பசைதான்: இரண்டு தாள்களுக்கு நடுவே பசை புகுந்தால் தொடர்பு போச்சு. ஒட்டுவதைவிட ஒரே தாளை மடித்துக் கொண்டுவருவது மேல். செம்பு டேப்பிலும் எல்லாப் பசையும் மின்சாரம் கடத்தாது.

கால்கள் ஒன்றாகிப் போவதற்குக் காரணம் நெருக்கம். மின்முனைகளுக்கு இடையே சுமார் 4–5 மி.மீ. இடைவெளி இருப்பதால், பக்கத்துக் கால்கள் ஒரே திட்டாகத் தெரியும். மையத்துக்கு மையம் 20 மி.மீ. விடுங்கள். காலின் விட்டம் 7–8 மி.மீ. இருக்கட்டும், ரொம்பப் பெரிதானால் உள்ளங்கை என்று திரை ஒதுக்கிவிடும். கசங்கிய தாளில் முகடுகள் மட்டுமே கண்ணாடியைத் தொடும். அதற்குப் பதில், ஐ.சி. சில்லுகளைக் குத்திவைத்து அனுப்பும், மின்சாரம் கடத்தும் கறுப்பு ஃபோமை வெட்டி ஒட்டுங்கள். திரையிலும் கீறல் விழாது. இளஞ்சிவப்பு ஃபோம் உதவாது, அதன் மின்தடை மிக அதிகம்.

எந்தக் காய் என்று அறிய, தொடுகை வந்த வரிசையை நம்ப வேண்டாம். மூன்று புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களை மி.மீ.க்கு மாற்றி, சிறியதிலிருந்து அடுக்கி, 2 மி.மீ. வரை விலகலை அனுமதித்து ஒப்பிடுங்கள். ஒரு காய்க்கு 20, 26, 34 என்றால் அடுத்ததற்கு 20, 32, 40. மூன்று பக்கமும் சமமாக இருந்தால் காய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாது.

மூன்று விரல் ஸ்கிரீன்ஷாட் போன்ற சைகைகளை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் காய் துள்ளினால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அதன் மின்னிரைச்சல் போலித் தொடுகைகளை உண்டாக்கும்.