"நெஞ்சு படபடத்தாலே போனை எடுத்துத் தேடுகிறேன், எப்படி நிறுத்துவது?"

தங்கச்சிமடத்திலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகிறார், காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை. அந்த இரவுகளில் இவருக்கு நெஞ்சு படபடக்கிறது, இடது கை சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது, படுத்தபடியே போனில் தேடத் தொடங்கினால் நிறுத்த இரண்டு மணி, மூன்று மணி ஆகிவிடுகிறது. நாலு மாதத்தில் இரண்டு டாக்டரிடம் இசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறை இல்லை. "தேடாமல் விட்டு நிஜமாகவே ஏதாவது வந்துவிட்டால், பிள்ளைகளோடு தனியாக இருக்கிற நான் என்ன செய்வேன் டாக்டர்?" என்று கேட்கிறார்.

முதலில் கையைப் பார்ப்போம். முழங்கையை மடக்கி, படுத்தபடி போனை முகத்துக்கு நேரே மணிக்கணக்கில் பிடித்திருந்தால், முழங்கை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு இழுபட்டு அழுந்தும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். டாக்டரிடம் அடுத்த முறை இதைச் சொல்லுங்கள். நீங்கள் எந்த மரப்பைத் தேடுகிறீர்களோ, அதைக் கொண்டுவருவதே அந்தத் தேடலாக இருக்கலாம்.

படபடப்பும் அப்படித்தான். பயம் வந்ததும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு நம்மை அறியாமலே வேகமாகும். அளவுக்கு மீறி மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், உடனே விரல்நுனியிலும் உதட்டைச் சுற்றியும் விறுவிறுப்பு, தலைசுற்றல், நெஞ்சை இறுக்கிப் பிடித்த மாதிரி ஒரு உணர்வு. நீங்கள் எதையும் கற்பனை செய்யவில்லை. உடம்பில் நடப்பது நிஜம், அதற்குப் பெயர் மாரடைப்பு என்று போன் சொல்வதுதான் தவறு.

ஏன் அப்படிச் சொல்கிறது? 2008-ல் மைக்ரோசாப்டின் ஆய்வாளர்கள் ரயன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். தலைவலி என்று தேடினால், காபி குடிக்காததால் வரும் தலைவலிக்குக் கிடைத்த அதே அளவு இடம் மூளைக்கட்டிக்கும் கிடைத்தது. ஒன்று வீட்டுக்கு வீடு நடப்பது, மற்றது மிக அரிது. தேடுபொறிக்கு உங்கள் வயதும் தெரியாது, இசிஜி சரியாக இருந்ததும் தெரியாது. இப்படித் தேடித் தேடிப் பயம் வளர்வதை சைபர்காண்ட்ரியா என்கிறார்கள்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. "இது சாதாரண வாயுத் தொல்லைதான்" என்று ஒரு பக்கம் சொன்னதும் ஐந்து நிமிடம் நிம்மதி. போனை எடுத்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் கையை போனுக்கு இழுக்கும். உங்களுக்கு வேண்டியது தகவல் என்றால் முதல் வாரத்திலேயே கிடைத்திருக்கும். நீங்கள் தேடுவது "எனக்கு ஒன்றுமே ஆகாது" என்ற உறுதியை, அதை எந்த டாக்டராலும் தர முடியாது. ஒன்று யோசியுங்கள், காற்று எப்படி மாறும், ரோந்துப் படகு எங்கே நிற்கும் என்று எந்த உறுதியும் இல்லாமல்தானே வாரத்துக்கு மூன்று நாள் அவரை அனுப்பிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைக்கிறீர்கள்? உறுதி இல்லாமல் காத்திருக்க உங்களைவிடத் தெரிந்தவர் யார்!

சரி, இன்று இரவு என்ன செய்வது? அவர் அழைத்தால் மணி கேட்கிற மாதிரி போனை அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். தேடத் தோன்றினால் ஒரு நோட்டில் நேரத்தையும் என்ன செய்கிறது என்பதையும் எழுதி, அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் தானாக இறங்கும்; அதை நீங்களே பார்ப்பதுதான் இதில் சிகிச்சை. முதல் வாரம் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். நாடியைப் பிடித்துப் பார்ப்பதும் வேண்டாம். நோட்டோடு ஒரே டாக்டரிடம், மாதம் ஒரு முறை, அவ்வளவுதான்.

உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். வேலை செய்யும்போதோ படியேறும்போதோ நெஞ்சை அழுத்தும் வலி, சும்மா இருக்கும்போதே வந்தாலும் தாடைக்கோ கைக்கோ பரவி வியர்த்துக் கொட்டும் நெஞ்சுவலி, திடீரென மூச்சு முட்டுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இவற்றில் ஏதாவது வந்தால் நோட்டும் வேண்டாம், தேடலும் வேண்டாம், நேரே 108. இதை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு வழக்கமாக வரும் படபடப்பும் விரல் மரப்பும் காலை வரை பொறுக்கும்.

ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாகவே வேலை செய்யும், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு, அது பிடிக்கச் சில வாரம் ஆகும். நடுராத்திரியில் தாங்க முடியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். கரைக்கு வந்ததும் அவரிடம் "எனக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தேடல்தான். அவர் ஒரு தடவை பதில் சொல்லட்டும். இரண்டாவது தடவை கேட்டால் "நோட்டில எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்கட்டும்.