மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பையில் கட்டி என்றால் புற்றுநோய்தானா?

உங்கள் அம்மாவுக்கு 64 வயது, ஸ்கேனில் 4 செ.மீ. நீர்க்கட்டி, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீடும் இப்படித்தான் கிடந்தது.

என் அம்மாவுக்கு அப்போது 67. பாவாடை நாடா எட்டவில்லை என்றார். வாயுத் தொல்லை என்று தானே முடிவுசெய்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுத்தால் இடது சினைப்பையில் 11 செ.மீ. அளவில் கெட்டியான கட்டி, வயிற்றில் நீர். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலைச் சுற்றியும் நீர். ரத்தத்தில் 35க்குள் இருக்க வேண்டிய சிஏ-125 (சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய ஒரு புரதம்) அளவு 210. ரிப்போர்ட்டைப் பார்த்த உறவினர் ஒருவர் அம்மாவின் காதுபடவே “முற்றிவிட்டது” என்றார். அவரிடம் இன்றுவரை நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை அங்கேயே உறையவைத்துச் சோதித்தார்கள். ஃபைப்ரோமா. நார்த்திசு திரண்டு உருவாகும், புற்று அல்லாத கட்டி. அதனுடன் வயிற்றிலும் மார்பிலும் நீர் கோத்துக்கொள்வதை மெய்க்ஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். அரிதுதான். கட்டி போனால் நீரும் வற்றிவிடும், அம்மாவுக்கும் வற்றியது.

அதனால் சிஏ-125 எண்ணை மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள். வயிற்றுக் காசநோய், இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம் ஆகியவற்றிலும் அது ஏறும். ஸ்கேன் ரிப்போர்ட்டின் வாசகங்களைப் படியுங்கள். மெல்லிய சுவர், ஒரே அறை, உள்ளே தெளிந்த நீர் மட்டும் என்றிருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி. 5 செ.மீ.க்குள் இருந்து, சிஏ-125 அளவும் சரியாக இருந்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்யாமல் நான்கைந்து மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் பார்ப்பார்கள். பல கட்டிகள் தாமாகவே மறைந்துவிடும். கெட்டியான பகுதி, தடித்த தடுப்புகள், உட்சுவரில் முளைபோன்ற வளர்ச்சி என்று எழுதியிருந்தால், பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணரிடமே நேராகப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் அதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். நீர் மறுபடி சேரும். ஒருவேளை புற்றாக இருந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிந்திவிடும்.

இடையில் ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல், நள்ளிரவானாலும் உடனே கிளம்பிவிடுங்கள்.