வாசகர் கேள்வி: மரத்தடியில் ஜி.பி.எஸ். ஏன் பொய் சொல்கிறது?

கேள்வி: நில அளவையாளர் ஒருவருக்கு உதவியாளராக இருக்கிறேன். தம்பலகாமத்தில் ஒரு வளவின் பின்பக்க எல்லைக்கற்கள் இரண்டும் பெரிய புளியமரங்களுக்குக் கீழே. ஆர்.ரி.கே. ரிசீவர் (சென்ரிமீற்றர் துல்லியத்தில் அளக்கும் ஜி.பி.எஸ். கருவி) 'ஃபிக்ஸ்' என்கிறது, பிழை 2 சென்ரிமீற்றர் என்கிறது. மறுநாள் அதே கல்லில் வைத்தால் அரை மீற்றர் தள்ளிக் காட்டுகிறது. இன்னும் எத்தனை நிமிடம் வைத்திருந்தால் சரிவரும்?
- வாசகர், திருகோணமலை

பதில்: நிமிடத்தைக் கூட்டிப் பயனில்லை. செய்மதிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே எத்தனை முழு அலை என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் சென்ரிமீற்றர் கணக்கு வரும், கண்டுபிடித்துவிட்டேன் என்று ரிசீவர் சொல்வதுதான் 'ஃபிக்ஸ்'. ஜி.பி.எஸ்ஸின் பிரதான அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர். 20,000 கிலோமீற்றருக்கு மேலிருந்து வரும் சமிக்ஞை ஏற்கெனவே நலிந்தது, அதில் ஈரமான இலை கொஞ்சத்தை விழுங்கிவிடும், அடிமரத்தில் பட்டுத் தெறித்தது சுற்றுவழியில் பிந்தி வந்து நேரே வந்ததோடு கலந்துவிடும். இந்தக் குழப்பத்தில் எண்ணிக்கை ஒன்றிரண்டு தவறினாலும் 'ஃபிக்ஸ்' விழத்தான் செய்யும். திரையில் தெரியும் 2 சென்ரிமீற்றர், எண்ணிக்கை சரி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எண்ணிக்கையே பிழை என்றால் பத்து நிமிடச் சராசரியும் அதே பிழைதான், பார்க்க மட்டும் அழகாக இருக்கும்.

மரத்தடியில்தான் எடுப்பேன் என்றால், ஒரு தடவை எடுத்ததும் வெளியே வந்து ஃபிக்ஸை அறுத்துப் புதிதாகப் பிடித்து மறுபடி வையுங்கள். அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, செய்மதிகள் வானில் இடம் மாறிய பிறகு இன்னொரு தடவை. உடனுக்குடன் எடுத்த இரண்டு ஒத்துப்போவது பெரிய சாட்சி இல்லை, ஒரே தெறிப்பு இரண்டையும் ஒரே பக்கம் இழுத்திருக்கலாம். குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று ஜி.பி.எஸ். போன்ற மற்றச் செய்மதித் தொகுதிகள் எல்லாவற்றையும் ரிசீவரில் திறந்து விடுங்கள். ஐந்து மீற்றர் கம்பத்தில் ஆன்டெனாவை உயர்த்துகிறவர்களும் உண்டு. புளியமரத்துக்கு அது எம்மட்டு, தவிர கம்பம் ஒரு பாகை சாய்ந்தாலே 9 சென்ரிமீற்றர் போய்விடும்.

என்னைக் கேட்டால் கல்லில் ரிசீவரையே வைக்கமாட்டேன். தம்பலகாமம் என்கிறீர்கள், வளவைத் தாண்டினால் வயல்தானே. வானம் திறந்த இடத்தில் இரண்டு முளை அடித்து (வரம்பில் வேண்டாம், ஈரத்தில் அசையும்) ஆர்.ரி.கே.யில் அவற்றை வெவ்வேறு நேரத்தில் இருமுறை எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி) கல்லுக்குப் போங்கள். முளைகளுக்கு இடையே தூரம் விடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மீற்றர் இடைவெளியில் அடித்துவிட்டு 90 மீற்றர் உள்ளே போனால், முளையில் இருந்த 2 சென்ரிமீற்றர் பக்கவாட்டுப் பிழை கல்லில் 6 ஆகிவிடும். முளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கருவியாலும் அளந்து ஆர்.ரி.கே. தூரத்தோடு ஒப்பிடுங்கள், அங்கேயே பாதிக் கள்ளம் பிடிபடும். டோட்டல் ஸ்டேஷன் கைவசம் இல்லையா, கல் கிட்டத்தில்தான் என்றால், திறந்த இடத்தில் மூன்று புள்ளி எடுத்து ஒவ்வொன்றிலிருந்தும் கல்லுக்கு நாடா பிடியுங்கள். இரண்டு தூரம் இடத்தைச் சொல்லும், மூன்றாவது சரிபார்க்க.

கேள்வி: போனில் அளந்து பார்த்தேன், எங்கள் 10 பேர்ச் காணியில் 2 பேர்ச் குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருப்பாரோ?
- வாசகி, கன்னியா

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீற்றர். சதுரமான 10 பேர்ச் காணியின் பக்கம் சுமார் 16 மீற்றர். அதில் ஒரு பக்கம் 3 மீற்றர் நகர்ந்தாலே கிட்டத்தட்ட 2 பேர்ச் காணாமல் போகும். போன் ஜி.பி.எஸ். வெட்டவெளியிலேயே அவ்வளவு தவறும், மாமரத்தடியில் இன்னும் மோசம். நாளைக்கு நடந்து பார்த்தால் 2 பேர்ச் கூடியும் வரலாம். உறுதியோடு இருக்கும் பிளானை எடுத்து, எல்லைக்கற்கள் அதன்படி இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கல்லைக் காணவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை பக்கத்து வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்க வேண்டாம்.