கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

அனல் மின் நிலையங்கள் குறித்தும் மாற்று மின்சாரம் குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் கடலோரக் கிராமத்துக்கு அருகிலுள்ள அனல் மின் நிலையத்தை விரிவாக்குவதற்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுப் பேருக்கு நடத்தும் கூட்டம் என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். புறக்கணித்துவிடலாமா? (வாசகர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: வேண்டாம். உங்கள் ஊராரின் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இத்தகைய கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று எந்த வரம்பையும் வைக்கவில்லை. ஆகவே நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். வராதவர்களின் எதிர்ப்பு எந்தத் தாளிலும் ஏறாது.

அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும் என்பது விதி. உண்மையான வேலை அந்த 30 நாளில்தான் இருக்கிறது. மதிப்பீட்டின் வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். அதன் சுருக்கம் தமிழிலும் இருந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் படிக்க இயலாதவர்கள், சாம்பலை எங்கே கொட்டப்போகிறார்கள், குளிர்விக்கப் பயன்பட்ட சுடுநீரை எங்கே விடப்போகிறார்கள், சுற்றியுள்ள மற்ற ஆலைகளின் மாசையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்பவற்றை மட்டுமாவது தேடிப் பாருங்கள். இந்திய நிலக்கரி 100 கிலோ எரிந்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும் என்பதால் முதல் கேள்வி ஒன்றே ஒரு கூட்டத்துக்குப் போதும்.

மேடையில் 'எங்கள் வாழ்வாதாரம் அழிகிறது' என்று முழங்குவதால் பெரிய பயன் இல்லை. அது எல்லாக் கூட்டத்திலும் கேட்கப்படுவது, எளிதில் கடந்துபோகப்படுவதும்கூட. மாறாக, அறிக்கையின் வரைபடத்தில் வெறும் உப்பங்கழி என்று காட்டப்பட்டுள்ள இடத்தில் எந்த ஊருக்கு எந்த நாளில் பாடு (முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமை), எந்தத் துறையில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, வாசித்துவிட்டு, பிரதி ஒன்றைக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட்ட முடிவில் பேசப்பட்டவற்றின் தொகுப்பை மக்களுக்குத் தமிழில் படித்துக்காட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பந்தலை விட்டு எழுந்துபோகும் அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்தக் கடைசி அரை மணி நேரத்தைத்தான். உங்கள் பேச்சு அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே சுட்டிக்காட்டுங்கள்; நிகழ்ச்சி முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்படுவதால் மறுப்பது கடினம்.

எல்லாவற்றையும் மீறி அனுமதி வழங்கப்பட்டால், 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். இராமநாதபுரம் மாவட்டம் உப்பூரில் 800 மெகாவாட் அலகுகள் இரண்டு அமையவிருந்த திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை 2021-இல் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. அதன் பின்னர் அந்த இடத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

கேள்வி: புகைபோக்கியில் முன்போல் கரும்புகை தெரிவதில்லை. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தச் சொன்னால் போதாதா? பருவநிலை மாற்றத்தை ஏன் தனியாகப் பேச வேண்டும்? (வாசகர், எண்ணூர்)

பதில்: இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதால்தான். கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பிடிக்க நிலைமின் வடிப்பான் இருக்கிறது. கந்தக டையாக்சைடைப் பிடிக்க வேறொரு கருவி தேவை. அதற்கான வரம்பை மத்திய அரசு 2015 டிசம்பரில் விதித்து, இரண்டு ஆண்டு கெடு கொடுத்து, பிறகு அந்தக் கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டது. இவற்றில் எதுவும் கார்பன் டையாக்சைடைத் தொடுவதில்லை. நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டையாக்சைடு வெளியேறுகிறது. நிறமும் மணமும் இல்லாத அதைக் குறைக்க எரிக்கும் நிலக்கரியைத்தான் குறைக்க வேண்டும். போதாக்குறைக்கு, கந்தகத்தைப் பிடிக்கும் கருவியே நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே மனு எழுதும்போது இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். கலந்து எழுதினால், ஒரு வடிப்பானைக் காட்டி இரண்டுக்கும் பதில் சொன்னதாக முடித்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் பகுதி அமைப்பினர் வீடு வீடாக வந்து கூரையில் சோலார் பேனல் போடச் சொல்கிறார்கள். 100 யூனிட் இலவசம் இருக்கும்போது அது எதற்கு? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஆகிறது என்றால், உங்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 600 யூனிட் எடுக்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு: 2024-இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். எல்லாக் கதவையும் ஒரே துண்டுப் பிரசுரத்தோடு தட்டுவதைவிட, பள்ளிக்கூடம், குடிநீர் மோட்டார் அறை போன்ற பகலில் மின்சாரம் செலவாகும் பொதுக் கட்டடங்களில் பேனல் போடச் சொல்லிக் கேட்பது அந்த அமைப்பினருக்கு நல்லது.

கேள்வி: சிறிய ஊராட்சியால் இதில் என்ன செய்ய முடியும்? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு வாங்கியது, பெரும்பகுதி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சேமிப்பு. காற்றாலை நின்றது ஊரில் அல்ல, காற்று நன்றாக வீசும் உடுமலைப் பக்கத்தில். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் ஏற, ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சியதை வாரியத்துக்கே விற்றார்கள். எனக்கு அதில் பிடித்தது, அவர்கள் பருவநிலையிலிருந்து தொடங்கவில்லை, தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டிய மின் கட்டணத்திலிருந்து தொடங்கினார்கள் என்பதுதான்.

நீங்களும் ஊராட்சியின் ஓராண்டு மின் கட்டண விவரத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். எந்த மோட்டார் எத்தனை யூனிட் எடுக்கிறது என்பதை அதிலிருந்து பிரித்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 'தூய ஆற்றலை ஊக்குவிக்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டால் அது பதிவேட்டிலேயே உறங்கும். எந்த மோட்டார் அறையின் கூரை, எத்தனை கிலோவாட், எந்த நிதியிலிருந்து என்று இருக்கட்டும். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பாகத் தீர்மானத்தை ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முத்திரையிட்ட நகல் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.