மெத்தா தியானத்தை விடாமல் தினமும் செய்வது எப்படி?

மெத்தா தியானம் தொடங்கிய சில நாளிலேயே விட்டுப்போகிறது, உட்கார்ந்தாலும் மனதில் அன்பு என்று எதுவும் சுரக்கவில்லை, இதைத் தினசரிப் பழக்கமாக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மெத்தா என்றால் பாலி மொழியில் நல்லெண்ணம். ஒவ்வொருவராக நினைத்து, அவர் நல்லா இருக்கணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பௌத்தத் தியானம் இது. எதுவும் சுரக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டே உட்காருவதால்தான் விட்டுப்போகிறது என்பது என் எண்ணம். இதில் நம் வேலை நினைப்பது மட்டும்தான்: இந்த ஆள் நல்லா இருக்கணும். நெகிழ்ச்சி வந்தால் வரட்டும். வராத நாளிலும் வேலை நடந்துவிட்டது. பாலுக்கு உறை ஊற்றிவிட்டு நிமிடத்துக்கொரு தடவை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் தயிர் எப்படி உறையும்?

நான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மெத்தாவை முதலில் கற்றது எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய விபாசனா தியான முகாமில். பத்து நாள் முகாமில் முதலில் மூச்சைக் கவனிப்பது, அப்புறம் உடம்பில் வந்துபோகும் உணர்ச்சிகளைக் கவனிப்பது, பத்தாம் நாள்தான் மெத்தா. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கடைசிச் சில நிமிடம்தான் அதற்கு. எனக்கு அது போதவில்லை. மெத்தாவை மட்டும் தனியாகச் செய்ய ஒரு வழி தேடியபோது கிடைத்தது விசுத்திமக்கம் என்ற பாலி மொழித் தியான நூல். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பிக்கு இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதியது. எந்த ஆளை முதலில் நினைக்க வேண்டும், யாரை முதலில் எடுக்கவே கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. அந்த வரிசை கைக்கு வந்த பிறகுதான் என் பழக்கம் நிலைத்தது.

முதலில் நேரம். காலையில் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டு உட்காருவேன். டிகாஷன் இறங்கி முடிக்கிற வரைக்கும்தான், அதற்கு மேல் நீட்டுவதில்லை. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. சத்தமில்லாத நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மதுரையில் அது கிடைக்காது. மார்கழியில் விடியுமுன்னே ஒலிபெருக்கி, ஆடியில் அம்மன் கோயில் பாட்டு, சித்திரைத் தேரோட்டத்துக்கு மாசி வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. மற்றத் தியானங்களுக்கு இது தொந்தரவாக இருக்கலாம். மெத்தாவுக்கு இல்லை. சத்தம் போடுகிறவரும் நாம் நல்லா இருக்கணும் என்று நினைக்க வேண்டிய ஆள்தானே? அவரையும் வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொடக்கம் நம்மிடமிருந்து. இதில் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். சாமி கும்பிடும்போதுகூடப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் வேண்டித்தான் பழக்கம். தனக்கென்று கேட்பது சுயநலம் என்று தோன்றும். எனக்கு எப்படிச் சுகம் வேண்டியிருக்கிறதோ அப்படித்தான் அடுத்தவருக்கும் என்று மனதுக்குக் காட்ட நாமே முதல் சாட்சி, அவ்வளவுதான். வழக்கமான நான்கு வரிகளை நான் இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்: பகையில்லாமல் இருக்கணும். மனசில் கொதிப்பில்லாமல் இருக்கணும். வருத்தமில்லாமல் இருக்கணும். என் நாளைச் சுகமாகக் கொண்டுசெலுத்தணும். புத்தகத் தமிழில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விபூதி பூசிவிடும்போது என்ன சொல்வார்களோ அந்தப் பேச்சிலேயே சொல்லுங்கள். வரி மாறலாம், ஆனால் தினமும் மாற்றாதீர்கள்.

அடுத்தது மரியாதைக்குரிய ஒருவர். ஆசிரியர் மாதிரி, நமக்கு நல்லது செய்தவராக இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவராகவும் இருக்க வேண்டும். இதற்கு விசுத்திமக்கத்தில் ஒரு கதை வருகிறது. ஓர் இளம் பிக்கு தன் ஆசிரியரை நினைத்து மெத்தா செய்கிறார். ஏற்கெனவே தேர்ந்த பழக்கம், ஆனாலும் அன்று ஒன்றும் கூடவில்லை. மூத்த பிக்கு ஒருவரிடம் போய்ச் சொல்ல, நீ நினைக்கிற ஆளைப் பற்றி விசாரித்துப் பார் என்கிறார் அவர். விசாரித்தால் ஆசிரியர் இறந்துபோயிருக்கிறார். பிறகு வேறொருவரை நினைத்துச் செய்ததும் கூடிவருகிறது. இறந்துபோன அம்மாவையோ அப்பத்தாவையோ வைத்துத் தொடங்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அவர்களை நினைத்தால் நல்லெண்ணத்தைவிடத் துக்கம் முந்திக்கொண்டு வருகிறது. அவர்களுக்குத் திதியும் படையலும் இருக்கின்றன. நான் எனக்குப் பள்ளியில் தமிழ் நடத்திய ஐயாவை எடுத்துக்கொண்டேன், ஓய்வுபெற்று நல்லபடியாக இருக்கிறார்.

ரொம்பப் பிரியமானவர்களையும் முதலில் எடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இதில் எனக்கு அனுபவமே உண்டு. என் மகளை நினைத்து உட்கார்ந்தால் இரண்டாவது வரிக்குள் ஹாஸ்டல் கட்டணம், அவள் காலையில் சாப்பிட்டாளா, செமஸ்டர் என்று மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. அது பாசம், பாசத்தில் தப்பில்லை. ஆனால் பற்றுதான் மெத்தாவுக்கு மிக அருகில் நின்று மெத்தா போலவே தெரிகிற எதிரி, வெறுப்பு தூரத்து எதிரி என்கிறார் புத்தகோசர். ஆசிரியர், ஒரு நல்ல நண்பர் என்று பழகிய பிறகு மகளை எடுத்தால் அந்தக் கவலை ஓட்டம் பாதியாகக் குறைகிறது.

அப்புறம் வருவது நமக்கு வேண்டியவரும் இல்லாத, வேண்டாதவரும் இல்லாத ஒருவர். என்னைக் கேட்டால் மெத்தாவின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சுவாரசியம் இல்லை என்று பலரும் தாண்டிப்போவதும் இந்த இடத்தைத்தான்.

எங்கள் கடைக்குத் துவரம்பருப்பு மூட்டை இறக்க வரும் லோடுமேன்களில் ஒருவரை எடுத்தேன். ஐம்பது கிலோ மூட்டை. துண்டைச் சும்மாடு கட்டி, ஒரு கையில் கொக்கியோடு லாரிக்கும் குடோனுக்கும் நடந்துகொண்டே இருப்பார். கூலி நோட்டில் தினமும் அவர் கணக்கை எழுதுவது நான்தான், ஆனால் நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததாக ஞாபகமில்லை. காலையில் அவருக்காக அந்த நான்கு வரியைச் சொல்வதற்கு முகம் வேண்டியிருந்தது. அதற்காகவே கடையில் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில், வலது கட்டைவிரலில் கிழிசல் துணி ஒன்று சுற்றியிருப்பது கண்ணில் பட்டது. மஞ்சள் கறை, ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"என்னண்ணே விரல்ல?"

"கொக்கி ஏறிருச்சு சார். அது ஒண்ணுமில்ல."

"எப்ப? ஊசி போட்டீங்களா?"

போடவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு அன்றே அவரைக் கூட்டிப்போய் டிடி ஊசி போட்டு, கட்டுப் போட்டு வந்தோம். தியானத்தால் நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. கண்ணுக்கு முன்னாலேயே இருந்த விரல், அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்ததால்தான் தெரிந்தது. கண்ணை மூடிச் செய்கிற ஒன்று பகலில் கண்ணைத் திறந்துவிடுகிறது என்று புரிந்த பிறகு, மறுநாள் உட்காருவதற்கு எனக்கு வேறு தூண்டுதல் தேவைப்படவில்லை.

பௌத்தம் நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று என்னிடம் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பௌத்தக் காப்பியமான மணிமேகலையை எழுதிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வியாபாரி, என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் தொழில்காரர். அதில் வரும் ஆபுத்திரன் மதுரையில் வீடு வீடாகப் பிச்சை எடுத்து வந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், கவனிக்க ஆளில்லாதவர், நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டு உண்ணவைக்கிறான். மிச்சத்தைத் தான் சாப்பிட்டுவிட்டு, அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். மெத்தா நினைப்போடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் அந்தக் காதையைப் படிக்க வேண்டும். (ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்காரும் கீழக்குயில்குடி சமணர் மலையைச் சிலர் புத்தர் மலை என்கிறார்கள். அங்கே பாறையில் இருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். ஆனால் உட்காருவதற்கு நல்ல இடம்.)

கடைசியில்தான் வேண்டாதவர். அவசரப்பட்டு எடுக்காதீர்கள். முதல் சில மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன். எனக்குப் பெரியப்பா மகனோடு வாடிப்பட்டிப் பக்கம் வரப்புத் தகராறு, கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. அவரை நினைத்தாலே முதல் வரியிலேயே நெஞ்சு இறுகும். அப்படி ஆனால் உடனே நண்பருக்குத் திரும்பிவிடுங்கள், மனம் இளகியதும் மறுபடி வாருங்கள் என்பதுதான் வழி. விசுத்திமக்கத்தில் இதற்கு நிறைய உபாயம் இருக்கிறது: அவரிடம் உள்ள ஒரே ஒரு நல்ல குணத்தைத் தேடிப் பார்ப்பது, கோபம் முதலில் யாரைக் கெடுக்கிறது என்று யோசிப்பது, அவருடைய முடியோடு கோபமா நகத்தோடு கோபமா என்று உடம்பைப் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொள்வது. ஒன்றும் பலிக்காவிட்டால் அவருக்கு ஏதாவது கொடு என்கிறது. எனக்குப் பலித்தது இந்தக் கடைசி உபாயம். ஒரு வாய்தா அன்று கோர்ட்டு வாசலில் டீ வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றை அண்ணனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். இருவரும் பேசவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. மெத்தா செய்தால் உரிமையை விட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் இப்போது அவருக்காக நான்கு வரியும் சொல்ல முடிகிறது. ஒன்று மட்டும் கவனம்: உங்களை அடிக்கிறவர், மிரட்டுகிறவர் கூடவே இருக்கிறார் என்றால் அவரைத் தியானத்தில் எடுப்பது முக்கியமில்லை. முதலில் அங்கிருந்து பத்திரமாக வெளியே வரும் வழியைப் பாருங்கள்.

சில நாள் உட்கார முடியாமல் போகும். வீட்டில் விசேஷம், துக்கம், காய்ச்சல். மெத்தாவைப் பற்றிய புத்தர் உரையான கரணீய மெத்த சுத்தத்திலேயே நின்றோ, நடந்தோ, உட்கார்ந்தோ, தூக்கம் வராதவரை படுத்தோ இதைச் செய்யலாம் என்று வருகிறது. எனவே அந்த நாட்களில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி கண்டக்டருக்கு நான்கு வரி சொன்னாலும் கணக்கில் சேரும். அதுவும் முடியவில்லையா, படுக்கையில் ஒரே ஒருவருக்கு. நிம்மதியாகத் தூங்குவான், நிம்மதியாக எழுவான், கெட்ட கனவு காணான் என்று புத்தர் சொன்ன பதினோரு பலன்களில் முதல் மூன்றும் தூக்கத்தைப் பற்றியவை. படுக்கையில் சொல்லும் வழக்கம் வந்த பிறகு, எனக்கு நடுராத்திரியில் விழித்துப் புரளுவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

இப்போதே நீங்கள் தொடங்குவதானால் முதல் சில வாரத்துக்கு இரண்டு பேர் போதும், நீங்களும் மரியாதைக்குரிய ஒருவரும். எழுத்தில் படிப்பதைவிடக் கூட உட்கார்ந்து கற்க வேண்டும் என்று தோன்றினால், திண்டுக்கல் போகும் வழியில் காந்திகிராமம் பக்கம் விபாசனா மையம் இருக்கிறது. பத்து நாள், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணமில்லை, முன்பு முகாம் முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். விண்ணப்பம் இணையத்தில் போட வேண்டும். மனநலத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், உங்கள் டாக்டரிடமும் கேட்டுவிட்டுப் போங்கள்.